நண்டு அவிக்கும் அறை

11-03-2001, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் பேருந்து நிலையம் சென்று தங்கை அறிவுச்செல்வியை அழைத்து வந்தேன். ஒரு வாரம் விடுப்பு. பையை என் கையில் கொடுத்துவிட்டு நடைமேடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சோடு மெல்லிய சீழ்க்கை ஒன்று வந்தது.

"பஸ்ல புழுதிண்ணே" என்றாள்.

அந்த வண்டியில் வந்த அத்தனை பேரில் அவளுக்கு மட்டும் புழுதி.

கணவர் லாரி விபத்தில் இறந்தபின் செல்வி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். "அண்ணன் வீட்டுல எத்தன நாளைக்கு உக்காந்து சாப்பிட?" என்று கேட்டுவிட்டு, ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை வேனில் ஏற்றிச் செல்லும் உடையப்பன் என்ற ஏஜெண்டு மூலம் தூத்துக்குடிப் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் சேர்ந்தாள். வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒவ்வொரு முறையும் இருமிக்கொண்டேதான் இறங்குகிறாள். இரண்டொரு நாளில் இருமல் போய்விடுகிறது.

"வேலைன்னா இழுக்குது, வீடுன்னா நிக்குது. எஞ்சோறுதான் மருந்து" என்று அம்மாவுக்குப் பெருமை.

நாளை மோட்டார் விபத்து வழக்கு ஒன்றில் குறுக்கு விசாரணை. குறிப்புகள் இன்னும் முடியவில்லை.

14-03-2001

இருமல் அடங்கிவிட்டது. மதியம் ஆயக்குடிக் கொய்யாவை உப்பு, மிளகாய்ப் பொடியில் தொட்டுத் தின்றுகொண்டே கம்பெனிக் கதை சொன்னாள். நண்டைக் கூடை கூடையாக அடுக்கி ஆவியில் அவிப்பார்களாம். "மூடியத் தொறந்தா எதிர்ல நிக்கிறவ மூஞ்சி தெரியாது. அதுக்கு அடுத்த ரூம்தான் எங்களுக்கு. ஓட்ட ஒடைச்சுக் கறிய எடுக்கணும். துளி ஓடு இருக்கக் கூடாது. அமெரிக்காக்காரன் பல்லுல பட்டுச்சுன்னா அம்புட்டுத்தான்."

வாயில் துணி கட்டித்தான் உட்கார வேண்டுமாம். உங்கள் பாதுகாப்புக்கா என்று கேட்டேன்.

"எங்களுக்கு எதுக்குண்ணே? நண்டுக்கு! நம்ம எச்சி அதுமேல பட்டுரக் கூடாதாம்."

"செத்த நண்டுக்கு இம்புட்டு மரியாதையா, ஆனந்து!" என்றார் அம்மா.

இருமினால் எழுப்பி வெளியே நிறுத்திவிடுவார்களாம். அன்றைய கூலி கிடையாது. அதனால் செக்கர் வரும்போது பெண்கள் வாயில் தண்ணீரை அடக்கிக்கொள்வார்கள். தண்ணீர் இருந்தால் இருமல் சற்று நேரம் கட்டுப்படும். "துணிக்குள்ள கன்னம் உப்பியிருக்கிறது யாருக்குத் தெரியும்? ஏதாச்சும் கேட்டா தலையத் தலைய ஆட்டுவோம். 'ஏம்மா, ஊமைகளாப் பாத்து எடுத்தாய்ங்களா'ம்பாரு அந்தாளு."

மூவரும் சிரித்தோம். எத்தனை பேருக்கு இருமல் என்று கேட்டேன்.

"பாதிப் பேருக்கு."

இதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

18-03-2001

செல்வி கிளம்பிவிட்டாள். இங்கிருந்த கடைசி நாட்களில் ஒருமுறைகூட இருமவில்லை.

12-06-2001

விடுப்பு இல்லாமலே வந்து நிற்கிறாள். "காசநோய் இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்களாம். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே இரண்டிலும் ஒன்றுமில்லை. இருந்தும் இந்த முறை இழுப்பு உடனே அடங்கவில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வருவதற்குள் உட்கார்ந்துவிடுகிறாள்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து சின்னம்மா பார்க்க வந்தார். "வீட்டுல நல்லாத்தான இருக்கா? வேலைக்குப் போறதுன்னா மட்டும் நெஞ்சப் புடிச்சுக்கிறா. உடம்பு வளையல, அதான்" என்றார். செல்வி அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

15-06-2001

மதுரையில் நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்த்தோம். நடுத்தர வயதுப் பெண்மணி. அம்மா வரவில்லை. நடந்ததை இயன்றவரை அப்படியே பதிகிறேன்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தார். "'எப்ப அதிகமா இருக்கு'ன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. நான் வேற கேக்கறேன்" என்றார். "எப்ப நல்லா இருக்கு?"

"ஊருக்கு வந்தா."

"ஞாயித்துக்கிழமை?"

"கொஞ்சம் தேவல. திங்கக்கிழமை மறுபடி புடிச்சுக்கிரும்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது பரம்பரையும் இல்ல, சளியும் இல்லம்மா. நண்டு அவியுறப்ப அதோட சத்து ஆவியோட சேந்து கண்ணுக்குத் தெரியாம காத்துல கலந்துருது. தெனம் அதச் சுவாசிச்சா சிலபேர் உடம்பு அத எதிரியா எடுத்துக்கும். அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சுக்குழாய் இறுகிரும். ஆஸ்துமாதான். ஆனா வேலை குடுத்த ஆஸ்துமா. சீக்கிரம் வெளிய வந்துட்டா பலபேருக்குச் சரியாகுது. வருசக்கணக்கா அங்கேயே இருந்தா, நீ வேலைய விட்டாலும் அது உன்ன விடாது."

இதை எழுத்தில் தர இயலுமா என்று கேட்டேன்.

"ஆஸ்துமான்னு எழுதித் தருவேன். வேலையாலதான்னு உறுதியா எழுதணும்னா ஊதிப் பாத்த அளவு வேணும், சார். வேலை செய்யற நாள்லயும் செய்யாத நாள்லயும்." மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் காட்டினார். பலமாக ஊதினால் அதில் ஒரு சிறு முள் எண்களின் மேல் நகர்கிறது. மூச்சுக்குழாய் இறுகினால் முள் ஏறாது. "ஆனா ஒண்ணு. இந்தப் பொண்ணத் திரும்ப அந்த எடத்துக்கு அனுப்பச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். இப்பவே மோசமா இருக்கு. அடுத்த தடவை எப்படி வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

குழாயை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

17-06-2001

சட்டத்தின் நிலை தெளிவானது. நோய் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் வந்தது என்று நிறுவ வேண்டும். நிறுவ வேண்டியது நாம். வெறும் ஆஸ்துமாச் சான்றோடு போனால், பிறவி இழுப்பு என்று ஒரே வரியில் பதில் வரும். இன்னொன்று: இவர்கள் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இல்லை, ஏஜெண்டின் ஆட்கள்.

இதையெல்லாம் சாப்பிடும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலும். அம்மா கொல்லையில் இருந்தார். செல்வி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணே, முத்துப்பேச்சின்னு எங்கூட ஒருத்தி. ரெண்டு பிள்ளைக. பனிக்காத்து ஒத்துக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. நான் போயி நண்டுதான்டின்னு சொன்னா சிரிப்பா. டாக்டர் எழுதுன தாளு ஒண்ணு இருந்தா நாலு பேரு நம்புவாக. ரெண்டு வாரம் போயி ஊதிட்டு வந்துரவா?"

பார்க்கலாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். 'பார்க்கலாம்' என்பது கட்சிக்காரர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் சொல். பாதிச் சம்மதம் என்று அவர்களுக்குத் தெரியும்.

22-06-2001

முடிவு செய்துவிட்டோம். இரண்டு வாரம் மட்டும். உறிஞ்சும் மருந்து எந்நேரமும் இடுப்பில் இருக்க வேண்டும். காலையும் மாலையும் ஊதிப் பார்க்க வேண்டும். மருத்துவர் குழாயில் போட்டுக் கொடுத்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே முள் இறங்கினால் அன்றே பேருந்து ஏற வேண்டும். நிபந்தனைகளை வரிசையாக வாசித்துக் காட்டினேன்.

"இது என்னண்ணே, பத்திரமா? கையெழுத்து எங்க போட?" என்று சிரித்தாள்.

மருத்துவர் சொன்னதில் முதற்பாதியை மட்டும் அம்மாவிடம் சொன்னேன்: ஆஸ்துமா, மருந்து இருக்கிறது, சரியாகும். பிற்பாதியைச் சொல்லியிருந்தால் அம்மா அனுப்பியிருக்க மாட்டார். எனவே சொல்லவில்லை.

24-06-2001, ஞாயிறு

மதியப் பேருந்தில் கிளம்பினாள். வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார் அம்மா.

28-06-2001

எங்கள் எதிர்வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தாள். வீட்டில் ஊதியபோது ஏறிய உயரத்துக்கு முள் இப்போது ஏறவில்லையாம். திங்களைவிடச் செவ்வாய், செவ்வாயைவிடப் புதன் என்று இறங்கிக்கொண்டே வருகிறதாம்.

"ஒங் கேஸுக்கு நல்ல சாட்சிண்ணே" என்றாள், இருமலுக்கு நடுவே.

வருத்தத்தோடு கூடவே எனக்குள் ஒரு நிறைவும் எழுந்தது. மறுப்பதற்கில்லை. ஐயத்துக்கு இடமற்ற சான்று கையில் சேரும்போது எழும் அதே நிறைவு.

02-07-2001

மாலை மறுபடி அழைத்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று பேசினாள். கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

"உடனே கிளம்பி வா."

"கேட்டப் பூட்டிட்டாகண்ணே. நாளைக்கு... வெளிநாட்டுக்காரங்க பாக்க வாறாக. புதன் வரைக்கும் யாரையும் விட மாட்டாக."

கம்பெனிக்கு அழைத்தேன். காவலாளி எடுத்து, மேனேஜர் இல்லை என்றார். உடையப்பன், "ரெண்டு நாள்தான வக்கீலய்யா, நானே கூட்டியாந்து விடுறேன்" என்றான். நாளை முதல் பேருந்தில் நானே போகிறேன்.

03-07-2001

செல்வி இல்லை.

07-07-2001

எழுத வேண்டும். மனம் வேறொன்றாக மாற்றிச் சொல்ல ஆரம்பிக்குமுன் எழுதிவிட வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டுக்கு முன் கார்கள் நின்றன. உள்ளே விடவில்லை. பெயர் சொன்னேன், வழக்கறிஞர் என்றேன், சத்தம் போட்டேன். பார்வையாளர்கள் போகட்டும் என்றார்கள். கார்கள் போனபின் கேட் திறந்தது. நான்கு பெண்கள் அவளைச் சேலையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில், வரும் வழியிலேயே போய்விட்டது என்றார்கள்.

முத்துப்பேச்சி அடக்கத்துக்கு வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்று, இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி சொன்னாள்:

"எப்பவும் இருமுற ஆளக் கேட்டுக்கு வெளிய நிப்பாட்டுவாக. அன்னிக்கு வெளியதான வெள்ளக்காரங்க காரு? அதனால எங்க அஞ்சாறு பேர அவிக்கிற ரூமுக்குள்ள பின்னால உக்கார வச்சுக் கதவச் சாத்திட்டாக. அந்தச் சத்தத்துல இருமல் கேக்காதாம். அக்கா மருந்த அடிச்சு அடிச்சுப் பாத்துச்சு. அப்புறம் அதுல ஒண்ணும் வரல. கதவத் தட்டுனோம் சார். கையி வலிக்கத் தட்டுனோம்."

சத்தியமாக எனக்கு இது தெரியாது. இருமுகிறவர்களை அந்த அறைக்குள்ளேயே— இல்லை. இது தெரியாது. ஆனால் மற்றது தெரியுமே. மற்றதெல்லாம் தெரியுமே. டாக்டரம்மா சொன்னாங்களே, போக வேணாம்னு சொன்னாங்களே. ஏன் அனுப்புன? ஒரு தாளுக்கா? ஏலே ஆனந்து, ஒரு தாளுக்காடா?

09-07-2001

உடையப்பன் மாலையோடு வந்தான். கூடத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினான்.

"வக்கீலய்யா, சின்ன வயசுலருந்தே இழுப்பு இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. கம்பெனி பாத்துச் செய்யும். மத்த பிள்ளைக பொழப்பும் கெட்டுரக் கூடாதுல்ல?"

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சின்ன வயசுல எம்மக கண்மாயில இக்கரையிலருந்து அக்கரைக்கு நீஞ்சுவா. மூச்சில்லாதவளா நீஞ்சுனா? மாலைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போய்யா."

02-11-2001

கல்லறைத் திருநாள். அம்மா மெழுகுவர்த்திகளை ஏற்றிக்கொண்டே இருந்தார்; காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. "அவளாத்தான போனா. புடிச்ச புடி விட மாட்டா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

எனக்கு! நான் தலையசைத்தேன்.

14-12-2001

இன்று தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனுத் தாக்கல் ஆனது. சட்டப்படி கோரிக்கையாளர் விதவைத் தாயான லூர்தம்மாள். வழக்கை நடத்துபவர் பேகம்பூர் மைதீன் பிச்சை. மருத்துவர் சொன்னதையும் செல்வி தொலைபேசியில் சொன்னதையும் நேரடியாகக் கேட்டவன் நான் ஒருவனே, நான் சாட்சி. சாட்சி சொல்பவன் அதே வழக்கில் வாதாடலாகாது. மைதீன் என்னைவிட இளையவர், கூர்மையானவர், என்னை அண்ணே என்றழைப்பவர்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாண்ணே? எதையாச்சும் மறைச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றார்.

சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் கோப்பை மூடி வைத்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

19-07-2002

எதிர்மனுதாரர் பதிலுரை வந்தது. அறிவுச்செல்வி தங்கள் தொழிலாளியே அல்ல. நண்டு அவிக்கும் ஆவியால் யாருக்கும் எந்த நோயும் வராது. அவளுக்கு இருந்தது பிறவி நோய். எதிர்பார்த்தவைதான், எதிர்பார்த்த வரிசையில்.

25-11-2002

பல ஒத்திவைப்புகளுக்குப் பின் இன்று விசாரணை.

மருத்துவர் வந்து சாட்சி சொன்னார். செல்வி எடுத்த அளவுகள் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டது. அவளுடைய பை திரும்பி வரவேயில்லை. எதற்காகப் போனாளோ அது கைக்கு வரவில்லை.

17-02-2003

நாளை என் சாட்சியம். மைதீன் மாலையில் வந்தார்.

"அண்ணே, பொய் சொல்லச் சொல்லல. ஆனா டாக்டர் போக வேணாம்னு சொன்னாரான்னு கேட்டா, நினைவில்லைன்னு சொல்லிருங்க. டாக்டர்கிட்ட அவங்க அதக் கேக்கல. ஒங்ககிட்ட மட்டும்தான் கேப்பாங்க. தெரிஞ்சே அனுப்புனாருன்னு ஆகிட்டா, பழியத் தூக்கி ஒங்க மேல போட்டுருவாங்க. கேஸும் போயிரும், அம்மாவும்..."

முடிக்கவில்லை. கோரிக்கையாளர் என்பதால் அம்மாவும் நாளை அங்கே இருப்பார்.

18-02-2003

கம்பெனிக்காக மூத்த வழக்கறிஞர் ஒருவர் வந்திருந்தார். மிக மரியாதையாகக் கேட்டார். நீங்கள் வழக்கறிஞர்தானே? ஆம். மருத்துவரைச் சந்தித்தபோது உடனிருந்தீர்களா? ஆம். அம்மா சுவரோர விசுப்பலகையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் நன்றாகப் பதில் சொல்கிறான் என்ற பெருமை முகத்தில் இருந்தது.

பிறகு மூத்த வழக்கறிஞர் குரலை உயர்த்தினார். "நண்டு அவிக்கும் ஆவிதான் உங்கள் தங்கையின் மூச்சை இறுக்கியது, மறுபடி அந்த இடத்துக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. இது அன்றே உங்களுக்குத் தெரியும். மருத்துவர் தடுத்தும், வழக்குக்குச் சான்று சேர்ப்பதற்காக நீங்களே அவளை அனுப்பினீர்கள் என்கிறேன். சரியா?"

நினைவில்லை. ஒரே ஒரு சொல். நாக்கு வரை வந்தது. மைதீன் தாளைப் பார்த்தபடி இருந்தார்.

"ஆம். தெரியும். நான்தான் அனுப்பினேன்" என்றேன்.

கைப்பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஆணையர் எழுதுவதை நிறுத்தினார். அந்தக் கேள்வியை மறுபடி ஒருமுறை சொல்லுங்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கேட்டார். கேள்வியையும் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யுமாறு தட்டச்சரிடம் சொன்னார். மூத்த வழக்கறிஞர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நின்றார். ஆவியால் யாருக்கும் ஒன்றும் வராது என்று கையெழுத்திட்டுக் கொடுத்த பதிலுரை அவருக்கு முன்னால்தான் கிடந்தது.

வெளியே தேநீர்க் கடையில் மைதீன் என் தோளை உலுக்கினார். "அண்ணே! இத்தன நாளா ஆவியில ஒண்ணுமில்லைன்னவங்க, ஆவிதான் மூச்ச இறுக்குச்சுன்னு இன்னிக்கு அவங்க வாயாலயே எழுத வச்சுட்டாங்க. ஒங்களக் குத்தப் போயி அவங்க வயித்துலயே குத்திக்கிட்டாங்க. இனி இது நம்ம கேஸு!"

தேநீர் என் கையிலேயே ஆறிப்போனது. அம்மா சாலையோரம் வந்து நின்றார்.

"போக வேணாம்னு டாக்டரு சொன்னாகளா?"

"சொன்னாங்கம்மா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அனுப்ப மாட்டம்மா."

பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அம்மா முன்னால் போய் யாரோ ஒரு பெண்ணின் அருகில் உட்கார்ந்துகொண்டார்.

21-02-2003

அம்மா ரெட்டியார்சத்திரத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டார். துணிகளை எடுத்துக்கொண்டார். செல்வியின் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்ல ஏதேனும் இருந்திருக்கும்.

09-10-2003

தீர்ப்பு. மனு ஏற்கப்பட்டது. ஏஜெண்டு மூலம் எடுத்த ஆள் என்றாலும் கம்பெனியே பொறுப்பு. நோய் வேலையால் வந்தது. மரணம் வேலையின்போது நேர்ந்தது. நோயின் காரணம் பற்றிய பத்தியில் ஆணையர் கம்பெனி வழக்கறிஞரின் கேள்வியையும் என் பதிலையும் முழுதாக மேற்கோள் காட்டியிருக்கிறார். தெரிந்தும் அனுப்பிய சகோதரனின் செயல் கம்பெனியின் பொறுப்பைக் குறைக்காது என்று ஒரு வரி. சட்டப்படி சரியான வரி. அந்த வரியில் நான் இருக்கிறேன்.

மைதீன் இனிப்பு வாங்கி வந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

30-10-2003

ரெட்டியார்சத்திரம் போனேன். கதவைத் திறந்தது சின்னம்மா. "தூங்குறா" என்றார். உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

06-06-2004, ஞாயிறு

பள்ளி விடுமுறை முடிகிற மாதம். படிப்பை நிறுத்திய பெண்களை ஏற்ற வேன் வரும் காலம். உடையப்பன் இல்லை, வேறொருவன். முத்துப்பேச்சி வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. இன்னும் மருந்தை உறிஞ்சித்தான் மாடிப்படி ஏறுகிறாள். அவளையும் அழைத்துக்கொண்டு வேன் நிற்கும் ஊருக்குப் போனேன். அச்சடித்த துண்டறிக்கைகள் கையில். தொழில்வழி சுவாச ஒவ்வாமை பற்றி விளக்கினேன். மரத்தடியில் கூடியவர்கள் கோவில் விசேஷத்தில் மைக் பேச்சைக் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டார்கள்.

முத்துப்பேச்சி என் கையைத் தட்டினாள். "சார், சுவாச ஒவ்வாமைன்னா இதுகளுக்கு என்ன தெரியும்? லீவுல நல்லா இருந்து வேலையில இழுத்தா அதுதான் நோயின்னு சொல்லுங்க. அக்காவுக்கு ஆனதச் சொல்லுங்க."

முதலாவதைச் சொன்னேன். இரண்டாவதற்கு வாய் வரவில்லை. பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "தங்கச்சிய அனுப்பி வச்ச வக்கீலு இவருதான். இப்ப நமக்குப் படிச்சுக் குடுக்க வந்துட்டாரு."

சிலர் சிரித்தார்கள். வேனில் ஏறினார்கள். துண்டறிக்கையைச் சிலர் விசிறிக்கொண்டே போனார்கள்.

11-01-2005

தீர்ப்பை எதிர்த்துச் செய்திருந்த மேல்முறையீட்டைக் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது. அவிக்கும் அறைக்குத் தனிச் சுவரும் ஆவியை இழுத்து வெளியே தள்ளும் விசிறிகளும் வைத்திருக்கிறார்களாம். இருமுகிறவர்களை இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்துகிறார்கள்.

12-06-2005, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அலுவலக அறையைத் திறந்தேன். வாசலில் ஒரு பெண்மணி. ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டக்காரி, மணிமேகலை என்று பெயர் சொன்னார். பக்கத்தில் மகள். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். காலடியில் ஜிப் போட்ட பெரிய பை. மாலை வேனுக்கு வந்தவர்கள்.

"இவ எறால் கம்பெனியில இருக்கா அய்யா. அங்க போனா நெஞ்சு அடைக்குதுங்குறா. இங்க வந்தா குதிச்சுக்கிட்டுத் திரியுறா. நடிக்கிறான்னு அடிக்கக்கூடச் செஞ்சேன். நேத்து ஒங்க அம்மா எங்க வீட்டுக்கு வந்தாக."

"யார் வந்தது?"

"ஒங்க அம்மாதான். சந்தையில எங்க புலம்பலக் கேட்டிருக்காக. வேன் போறதுக்கு முன்னால ஒங்களப் பாத்துட்டுப் போகச் சொன்னாக."

வேறு ஏதேனும் சொன்னாரா என்று கேட்டேன். அந்தப் பெண்மணி தயங்கி, முந்தானையைக் கையில் சுற்றினார்.

"'எம்மவன் ஒரு தடவ மறைச்சான். இனிமே மறைக்க மாட்டான். அவங்கிட்டயே கேளு'ன்னாக."

இருவரையும் உட்காரச் சொன்னேன். செல்வி பேருந்திலிருந்து இறங்கியதிலிருந்து சேலையில் தூக்கி வந்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவர் சொன்னதில் அம்மாவிடம் சொல்லாத பிற்பாதியையும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காத இடங்களில் நிறுத்தி மறுபடி சொன்னேன். மதுரை மருத்துவரின் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பெண் முடியும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் நடிக்கலைன்னு எங்கம்மாகிட்டச் சொல்லுங்க சார்."

"நீ நடிக்கவில்லை" என்றேன். மணிமேகலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சன்னல் வழியே பார்த்தேன். வேன் நிற்கும் பக்கம் போகாமல் ஊர்ப் பேருந்துக்காகச் சாலையைக் கடந்தார்கள். பையைத் தாய் தூக்கிக்கொண்டார். மகள் வெறுங்கையோடு முன்னால் நடந்தாள்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆள் அனுப்பியிருக்கிறார்.